ஆறடி மேடும் ஏழாயிரம் அடிச் சுற்றும்

என் கணவரின் வேலை ஏறுவது. கைலாசபுரத்து ஃபாக்டரியில், பெரிய பெரிய இரும்புச் சட்டங்கள் எழும்பி நிற்கும் இடத்தில், ஏணி ஏணியாக மேலே போவார். வெல்டிங் வைத்த இடங்களை டார்ச் அடித்துப் பார்ப்பார். சரியில்லாததைச் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு இறங்குவார். என் வேலை உட்கார்வது. உட்கார்ந்து எழுதுவது. ஆனால் உட்கார்ந்தால் எனக்கு எழுத வராது. நாலு வரிக்கு ஒருதரம் எழுந்து தெருவுக்குப் போய், யாரையாவது பார்த்து, எதையாவது வாங்கி, திரும்பி வந்தால்தான் ஐந்தாவது வரி வரும். ஏறுகிறவர் ஒருவர், இருப்புக்கொள்ளாதவள் ஒருத்தி. இந்த இரண்டு பேரும் ஸ்ரீரங்கத்தில், கோயில் மதிலைச் சுற்றி ஓடும் வீதிகளில் ஒன்றில், பல வருஷமாக ஒரே வீட்டில் குடியிருக்கிறோம்.

ஒரு மாசி மாதம் அவருக்கு நெஞ்சில் ஒரு குழாய் அடைத்துக்கொண்டது. ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள்.

"ஆறு வாரம் சமதரையில நடங்க. நல்லா நடங்க," என்றார் டாக்டர். "ஏறக் கூடாது. மாடிப்படி, மேடு, எதுவும் கூடாது. ஆறு வாரம் கழிச்சு டிரெட்மில் டெஸ்ட் வைப்போம். அதுல தேறினா கையெழுத்துப் போட்டுத் தரேன், பழைய வேலைக்குப் போகலாம்."

"தேறலைன்னா?"

"வேற வேலை குடுப்பாங்க இல்லையா?"

குடுப்பார்கள். அந்த வேற வேலை எது என்பதும் அவருக்குத் தெரியும். தரைத்தளத்தில் ரெக்கார்டு ரூம். ஆட்டோவில் திரும்பி வரும்போது, காவிரிப் பாலத்தின் மேல், அவர் வாயைத் திறந்தார்.

"அங்க ஷூ கூடப் போட வேணாமாம். செருப்பு போதுமாம்."

இதை அவர் சொன்ன விதத்தில், நான் ஆற்றைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆற்றில் தண்ணீர் இல்லை. மணலைத்தான் பார்த்தேன்.

அதே வாரம் எங்கள் வீதிக்குக் கீழேயும் ஒரு குழாய் அடைத்துக்கொண்டது. தோண்டினார்கள். பக்கத்து வீட்டு வாசலில் ஆரம்பித்து, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை, வீதிக்குக் குறுக்கே பள்ளம். பள்ளத்துக்குள் புதுக் குழாயை இறக்கினார்கள். அப்புறம் எடுத்த மண்ணையெல்லாம் அதன் மேலேயே கொட்டி, ஆறடிக்கு ஒரு மேடாகக் குவித்துவிட்டு, "தானா அமுங்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டு நாளில் வருவதாகச் சொன்ன ஒப்பந்தக்காரர் எந்த இரண்டு நாள் என்று சொல்லவில்லை.

மேட்டுக்கு அந்தப் பக்கம், நாலே வீடு தள்ளி, மருந்துக்கடை. அதற்கடுத்து பால் பூத். அதற்கடுத்து உலகம். இந்தப் பக்கம் நாங்கள். குறுக்குச் சந்தில் மிச்சக் குழாய்களை அடுக்கி வைத்துவிட்டார்கள். அப்படியானால் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். வேறு ஊரில் சுற்றிப் போவதென்றால் அடுத்த தெரு. எங்கள் ஊரில் வீதிகள் சதுரம் சதுரமாகக் கோயிலைச் சுற்றிக்கொண்டு கிடக்கின்றன. ஒன்றை அடைத்தால், சுற்றிப் போகிறவன் கோயிலையே சுற்றிப் போக வேண்டும். மதிலோடு நாலு வீதி, நாலு திருப்பம், இரண்டு கிலோமீட்டருக்கு மேலே.

நான் மேட்டின் மேல் ஏறிப் போனேன். முதல் நாளே. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நாலு எட்டில் உச்சி. அங்கே நின்று பார்த்தால் மதிலுக்கு மேலே தென்னந்தலைகள், கொடிக்கம்பிகள், மொட்டை மாடியில் காயும் வடாம், ஒரு நாயின் முதுகு. மண் என்னவோ வீதி மண் இல்லை. மேல் அடுக்குத்தான் செம்மண்ணும் ஜல்லியும். அடியிலிருந்து வந்தது முழுக்க ஆற்று மணல், வெளுப்பாக, நுணுக்கமாக, உள்ளங்காலுக்குக் குளிர்ச்சியாக. நாம் தெரு என்று நினைத்து நடப்பதெல்லாம் ஆற்றின் மேல்தான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. சறுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கினேன். மருந்து வாங்கினேன். திரும்பினேன். ஐந்து நிமிடம் ஆகவில்லை. ஐந்தாவது வரி வந்தது. அதற்கப்புறம் ஒரு நாளைக்கு எட்டு தரம் ஏறி இறங்கினேன். கொத்துமல்லி வாங்க ஒருதரம், கொத்துமல்லி வாங்க மறந்ததற்கு ஒருதரம்.

அவர் வாசலில் நாற்காலி போட்டு இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் கணக்குப் போட்டுவிட்டார்.

"ஒரு அடி ஏறுறது பதினஞ்சு அடி நடக்கிறதுக்குச் சமம். மேடு ஆறடி. ஆகக்கூடி தொண்ணூறு அடி நடந்த செலவு உனக்கு. எனக்குச் சுத்தினா ஏழாயிரம் அடி."

"அப்ப நான்தான் சிக்கனம்?"

"நீ சிக்கனம். நான் ஊதாரி. ஆனா ஒண்ணு, இதயம் மொத்தத்தைப் பாக்காது. அவசரத்துல எவ்வளவு கேக்கறன்னுதான் பாக்கும். ஏழாயிரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா கேட்டா குடுத்துடும். தொண்ணூறை ஒரே அடியா கேட்டா கோச்சுக்கும்."

கோபித்துக்கொண்ட இதயத்தைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவதுபோல, அவர் சுற்ற ஆரம்பித்தார். காலை ஆறு மணிக்கு வேட்டி, அரைக்கைச் சட்டை. கைகள் பின்னால் கோத்திருக்கும். உதடுகள் அசைந்துகொண்டே இருக்கும். எத்தனை அடி என்று எண்ணுவார். எண்ணாமல் அவருக்கு நடக்க வராது.

இங்கேதான் தப்பு நடந்தது.

கோயில் மதிலை ஒட்டி, கிழக்கு வெளுக்கும் நேரத்தில், வலப்பக்கம் கோயில் இருக்கும்படி, உதடு அசைய நடக்கிற மனிதனை எங்கள் ஊர் எதுவென்று நினைக்கும்? எதிர்வீட்டு மாமா கோயில் கைங்கரியக் குடும்பம். ஓய்வு பெற்ற பின் வீதியையே கைங்கரியமாக எடுத்துக்கொண்டவர். நாலாம் நாள் அவர் என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"பேஷ். மண்டலமா? நாப்பத்தெட்டு நாள்தானே? பெருமாள் பூர்ண ஆரோக்யம் அனுக்ரஹிப்பார்."

எனக்கு அப்போது ஆறாவது வரி வந்துகொண்டிருந்தது. யோசிக்காமல் தலையை ஆட்டிவிட்டேன். எல்லாத் தொல்லையும் அந்த ஒரு தலையாட்டலால்.

மறுநாள் என் கணவர் மருந்து வாங்கிக்கொண்டு, போன வழியே திரும்பி வரும்போது மாமா பாதி வீதியில் மறித்துக்கொண்டார்.

"ஸ்வாமி! என்ன இது, அப்ரதக்ஷிணமா வரேளே!"

கோயில் இடப்பக்கம் வரும்படி நடப்பது கூடாது. செய்ததெல்லாம் கழிந்துவிடுமாம்.

"மாமா, இந்தப் பக்கமா போனா அந்தப் பக்கமாத்தானே திரும்பணும்? இல்லைன்னா மேட்டுல ஏறணும். ஏறக் கூடாதுன்னு..."

"ஏறப்படாது, ஏறப்படாது. அது வேற."

"அப்ப நான் எப்படிங்க வீட்டுக்கு வர்றது?"

மாமா வீதியில் நின்று யோசித்தார். ஒரு சைக்கிள் அவரைச் சுற்றிக்கொண்டு போனது. ஒரு மாடு அவரைச் சுற்றிக்கொண்டு போனது. கடைசியில் முகம் மலர்ந்தது.

"வரச்சே கையில பால் பாக்கெட் வெச்சுக்கோங்கோ. நன்னாத் தெரியறாப்பல. ஆத்துக்குப் பால் வாங்கிண்டு வரவன் நடக்கறது லௌகிகம். அது பிரதக்ஷிணமும் இல்லை, அப்ரதக்ஷிணமும் இல்லை. தோஷம் கிடையாது."

அன்றிலிருந்து போகும்போது வேண்டுதல், வரும்போது பால். பால் பாக்கெட்டைப் பைக்குள் போடக்கூடாது. வலது கையில், மார்புக்கு நேரே, ஒரு அடையாள அட்டையைப்போலப் பிடித்துக்கொண்டு அவர் ஏழாயிரம் அடி திரும்பி வருவார். ஒருநாள் பூத்தில் பால் தீர்ந்துவிட்டது. நாலு தயிர் பாக்கெட்டோடு வந்தார். மாமா தயிரைப் பார்த்தார், கொஞ்சம் தயங்கினார், விட்டுவிட்டார்.

"மாமா, இன்னொண்ணு," என்றார் என் கணவர் ஒருநாள், இந்த விளையாட்டில் அவருக்கே ஒரு ருசி வந்தபின். "மேட்டுக்கு அந்தப் பக்கத்தோட நான் நின்னுடறேன். வட்டம் முடியறதில்லையே. நாலு வீடு குறையுது."

"நாலு வீடுதானே? பெருமாள் பாத்துப்பார்."

வடக்குத் திருப்பத்தில் ஒரு பூக்காரி. அவருக்குத் தினமும் ஒரு முழம் துளசி கொடுக்க ஆரம்பித்தாள். காசு வாங்கவில்லை. பத்தாம் நாள் விஷயம் வெளியே வந்தது.

"அண்ணே, சுத்தறப்ப எம் மவன் பாஸ்போர்ட்டையும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நாலு மாசமா வரல."

அவர் மறுக்கத் தெரியாதவர். சரிம்மா என்றிருக்கிறார். அதற்குப் பிறகு ஆளாளுக்குக் கோரிக்கைகள். பேத்திக்கு ஸ்கூல் சீட், மாடி வீட்டுக்காரன் காலி செய்ய வேண்டும், முதுகு வலி. எல்லாவற்றையும் அடி எண்ணிக்கைக்கு நடுவே சொருகிக்கொண்டு நடந்தார். "ஆயிரத்து இருநூறுக்கு மேல பாஸ்போர்ட், மூவாயிரத்துக்கு மேல முதுகு வலி" என்று எனக்கு விளக்கினார். கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் ஒருநாளும் விட்டுவிடவில்லை.

கோரிக்கை கொடுத்தவர்கள் சும்மா இருப்பார்களா? தொன்னையில் சர்க்கரைப் பொங்கல். இலையில் புளியோதரை. நெய் மிதக்கும் அக்காரவடிசில். அவர் தொடக்கூடாது, டாக்டர் பட்டியலில் எல்லாவற்றுக்கும் குறுக்குக் கோடு. பிரசாதத்தைக் கீழே போடவும் கூடாது. ஆக அவர் சுற்றினார், நான் சாப்பிட்டேன். மூன்றாவது வாரத்தில் மேட்டில் ஏற எனக்கு நாலு எட்டுக்குப் பதில் ஆறு எட்டு தேவைப்பட்டது. அவருடைய ஏழாயிரம் அடி எங்கே போய்ச் சேர்கிறது என்று என் ரவிக்கையின் தையல் சொன்னது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது மட்டும் அவர் விளையாட்டை விட்டுவிடுவார். ரசத்தைப் பிசைந்துகொண்டே, "இன்னிக்கு ஃபாக்டரிலேருந்து போன். ரெக்கார்டு ரூம்ல சேர் ஒண்ணு காலியா இருக்காம். சுத்தற சேராம்," என்பார். அவ்வளவுதான். நான் அப்பளம் வேண்டுமா என்று கேட்பேன். அவருக்கு அப்பளம் கூடாது என்பது அப்புறம் ஞாபகம் வரும்.

நாலாவது வாரம் முடிகையில் ரிப்போர்ட் ஒன்று கொடுக்க நான் மட்டும் டாக்டரிடம் போனேன். பக்கத்து அறைக் கதவு திறந்திருந்தது. யாரோ ஒருவர், மார்பெல்லாம் ஒயர் ஒட்டிக்கொண்டு, ஓடுகிற பெல்ட்டின் மேல் நடந்துகொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெல்ட்டின் முன்பக்கம் மெல்ல மேலே எழுந்தது. அவர் குனிந்து, கைப்பிடியைப் பற்றி, மலை ஏறுகிறவர் மாதிரி ஆகிவிட்டார்.

"சிஸ்டர், அது ஏன் தூக்குது?"

"அப்படித்தாங்க. மூணு நிமிஷத்துக்கு ஒருதரம் ஸ்பீடும் கூடும், மேடும் கூடும்."

மேடும் கூடும்! ஒரு மாதமாகச் சமதரையில் எண்ணி எண்ணி நடந்த மனிதருக்குப் பரீட்சையில் மேடு வரப்போகிறது. அங்கேயே டாக்டர் அறைக்குள் நுழைந்துவிட்டேன். என் வேகத்தைப் பார்த்து அவரே எழுந்துவிட்டார்.

"பயப்படாதீங்கம்மா. இன்னும் ஒரு வாரம் போகட்டும். ஆறாவது வாரத்துல கொஞ்சம் கொஞ்சமா ஏறிப் பாக்கட்டும். நெஞ்சுல ஏதாச்சும் தெரிஞ்சா உடனே நிறுத்திடணும். நீங்க கூட இருங்க."

ஏறுவதற்கு வேறு இடம் தேட வேண்டியதில்லை. ஆறாவது வாரத்தின் முதல் நாள், ஐந்தரை மணிக்கு, அவரை மேட்டடிக்குக் கூட்டிப் போனேன். நான் முன்னால். அவர் பின்னால். இத்தனை நாளில் என் கால் பட்டுப் பட்டு அதில் படிபோல ஒரு தடம் விழுந்திருந்தது.

முதல் எட்டு. நின்றார். கையை நெஞ்சில் வைத்தார்.

"என்னங்க? என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல. பண்ணுதான்னு பாக்கறேன்."

இரண்டாவது எட்டு. நாற்பதடி இரும்பு ஏணியில் பேசிக்கொண்டே ஏறுகிறவர், தெருப் புழுதியில் ஒரு முழம் ஏறியதும் என் கையைப் பிடித்த பிடியில் என் வளையல் நசுங்கியது. மூன்றாவது எட்டு எடுக்கும்போது எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

"ஐயையோ! ஸ்வாமி! மண்டலம் முடியலையே! இறங்குங்கோ, இறங்குங்கோ!"

அதே நேரம் பூக்காரி கூடையோடு வந்தாள். "அண்ணே! என்னண்ணே இது! இன்னும் ரெண்டு வாரத்துக்கு மேல இருக்கு! எம் மவன் பாஸ்போர்ட்டு!"

நடு மேட்டில் நாங்கள். கீழே அவர்கள். எனக்குப் பொறுமை கிடையாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

"வேண்டுதலே இல்லைங்க மாமா! டாக்டர் நடக்கச் சொன்னாரு, நடக்கறாரு. இப்ப ஏறச் சொல்லியிருக்காரு. இதுல ஏறலைன்னா டெஸ்ட்டுல தேற முடியாது. தேறலைன்னா வேலை போயிடும். ரெக்கார்டு ரூம்ல சுத்தற சேர்ல உக்காத்தி வெச்சுடுவாங்க!"

மாமா தன் பூணூலைப் பிடித்துக்கொண்டார். பூக்காரி கூடையை இறக்கி வைத்தாள்.

"அப்ப முணுமுணுன்னு சொன்னது?"

"அடி எண்ணினேம்மா," என்றார் அவர், குற்றவாளியாக. "ஆனா ஆயிரத்து இருநூறுக்கு மேல உன் பையன் பாஸ்போர்ட்டைத்தான் சொன்னேன். சத்தியமா."

"தெனமுமா?"

"தெனமும்."

அவள் கொஞ்சம் சமாதானமானாள். மாமாதான் ஆகவில்லை. மேட்டைப் பார்த்தார், மதிலைப் பார்த்தார். மருந்துக்கடைத் திசையைப் பார்த்தார். விரலால் காற்றில் ஒரு சதுரம் போட்டார். அந்தச் சதுரத்தில் ஒரு மூலை ஒட்டாமல் நிற்பதை நானும் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

"ஸ்வாமி, இந்தப் பக்கமா ஏறப்படாது. அந்தப் பக்கத்துலேருந்து இந்தப் பக்கமா ஏறணும்!"

"ஏங்க மாமா?"

"யோசிச்சுப் பாருங்கோ. முழு வீதியும் பிரதக்ஷிணமா போயிட்டு, மருந்துக்கடை வாசல்லேருந்து நேரே மேல ஏறி ஆத்துக்கு வந்துட்டேள்னா, அந்த நாலு வீடும் வந்துடறதே! வட்டம் பூர்த்தியாறதே! இத்தனை நாளா குறைஞ்சிண்டிருந்ததே இதுதானே!"

அவருக்கே மெய்சிலிர்த்துவிட்டது. வேண்டுதலா, டாக்டரா என்கிற கேள்வி அந்தச் சிலிர்ப்பில் காணாமல் போனது. பால் பாக்கெட்டும் இனி வேண்டாம். திரும்பி நடப்பதே இல்லையே.

அன்றிலிருந்து ஒரு வாரம் எங்கள் வீதியில் காலை ஏழு மணிக்கு ஒரு உற்சவம். அவர் சுற்றி முடித்து மேட்டின் அந்தப் பக்கம் வந்து நிற்பார். நான் உச்சியில். மாமா இந்தப் பக்க அடிவாரத்தில், கைகளைக் கூப்பி. பால் வாங்க வந்தவர்கள், ஸ்கூல் வேனுக்குக் காத்திருப்பவர்கள், பல் துலக்கிக்கொண்டு நிற்பவர்கள் எல்லாம் அங்கே.

"மெதுவா, மெதுவா! அவசரமே இல்லை!"

"அண்ணே, வலது கால் வழுக்குற எடம், பாத்து!"

"பேச்சுக் குடுக்காதீங்க, அவர் எண்ணிக்கிட்டு இருக்காரு!"

முதல் நாள் உச்சிக்கு வர ஏழு நிமிடம். இரண்டாம் நாள் ஐந்து. மூன்றாம் நாள் பாதியில் உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். செருப்பில் புகுந்த கல்லை எடுத்துப் போட்டுவிட்டு எழுந்தார். பல் துலக்கிக்கொண்டிருந்தவர் பேஸ்ட்டை விழுங்கிவிட்டார். ஆறாம் நாள் இரண்டு நிமிடத்தில் ஏறி, என் கையைத் தட்டிவிட்டு, என்னைத் தாண்டி இறங்கிப் போய்விட்டார். உச்சியில் நான் தனியாக, பிரசாதத்தின் பாரத்தோடு, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன்.

டெஸ்ட் அன்று என்னை உள்ளே விடவில்லை. கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி. உட்கார்ந்தேன், எழுந்தேன், உட்கார்ந்தேன். கதவுக்குப் பின்னாலிருந்து அவர் காலடிச் சத்தம் மட்டும். தொப், தொப், தொப். சீராக. அப்புறம் மோட்டார் உறுமியது. மேடு கூடுகிறது. தொப்தொப். மறுபடி உறுமல். நான் எண்ண ஆரம்பித்தேன். வாழ்க்கையில் எதையும் எண்ணாதவள், உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் என்னைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கதவு திறந்தபோது அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பின்னால் டாக்டர், பேப்பர் ரோலைப் பிரித்துக்கொண்டே.

"நல்லா ஏறினாரு. வேலைக்குப் போகலாம். எங்க பிராக்டீஸ் பண்ணீங்க?"

"வீட்டு வாசல்லதான் டாக்டர்," என்றார் அவர்.

திங்கட்கிழமை ஃபாக்டரி பஸ்ஸுக்கு அவர் கிளம்புவதற்குள், நாலு மணிக்கே எழுந்து ஒரு சுற்று முடித்து, மேடும் ஏறி வந்துவிட்டார். நாற்பத்தெட்டுக்கு இன்னும் சில நாள் பாக்கி, மாமா விடுவதாக இல்லை. குளித்துவிட்டு ஷூ மாட்டினார். லேஸ் கட்டக் குனிந்தவர் வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டார். பஸ் வந்தது, போனார்.

அன்று காலை எனக்கு ஒரு வரியும் வரவில்லை. காகிதத்தைப் பார்த்தேன், போனைப் பார்த்தேன். பெல்ட் என்பது தரைக்கு மேலே ஒரு முழம்தான். ஏணி அப்படியில்லை. பதினொன்றரைக்குப் போன் அடித்தது. எடுத்தால் முதலில் காற்றுச் சத்தம்.

"எங்க இருக்கீங்க?"

"மேல."

"மேலன்னா?"

"நாலாவது பிளாட்ஃபாரம்."

அவர் என்ன சொல்கிறார் என்பதைவிட, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அங்கே இரைப்பு இருக்கிறதா, திணறல் இருக்கிறதா என்று. ஆனால் அவர் இடைவெளி விட்டால்தானே.

"ஆறு வாரம் நான் இல்லைன்னதும் என்ன பண்ணி வெச்சிருக்கான் தெரியுமா, ஒரு ஜாயின்ட் உருப்படியா இல்ல, பதினாலு வட்டம் போட்டுட்டேன் சாக்பீஸ் தீந்துடுச்சு, கைப்பிடியில பெயின்ட் அடிச்சது காயல சட்டையெல்லாம் ஒட்டிக்கிச்சு, ஹெல்மெட்ட எவனோ மாத்திட்டான் இது தலையில சுத்துது, மேல இருக்கறப்ப போன் பேசக் கூடாதுன்னு இப்ப புதுசா போர்டு வேற வெச்சிருக்கான், கேன்டீன்ல பொங்கல்னு ஒண்ணு போட்டான் நான் தொடல ஆனா பாக்கவே சகிக்கல, கீழேருந்து ஒருத்தன் என்னையே பாத்துக்கிட்டு நிக்கிறான் விழுவேன்னு நெனக்கிறானா என்னன்னு தெரியல..."

அவர் மூச்சு விடாமல் குறை சொல்லிக்கொண்டே போனார்.